இரட்டைச் சகோதரி வந்த கிழமை

தொலைக்காட்சி நாடகத்தில் திருப்பம் வரும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்ன செய்வார் என்பது எங்கள் மாடிக் கட்டடம் முழுவதற்கும் தெரியும். திருப்பம் நன்றாக இருந்தால் அவர் வீட்டிலிருந்து சத்தமே வராது. பத்து நிமிடம் கழித்து மெதுவாக வந்து என் கதவைத் தட்டி, "அண்டைக்கு அவள் அந்தக் கடிதத்தை மடிச்சு வைக்கேக்கையே நான் யோசிச்சனான்" என்பார். திருப்பம் கூடாதது என்றால் முதலில் கதிரை பின்னால் தள்ளுப்படும் சத்தம், பிறகு அவருடைய குரல்: "உங்களுக்கு வெட்கமில்லையோ?" நாடகம் எழுதியவர்களைத்தான் கேட்கிறார். கடல் தாண்டி இருக்கிற அவர்களுக்கு அது கேட்க நியாயமில்லை. கீழே மருந்துக்கடை வைத்திருப்பவருக்குக் கேட்கும். "இண்டைக்குச் செத்தவன் ஆரோ திரும்பி வந்திட்டான் போல" என்று மருந்து வாங்க நிற்பவர்களிடம் சொல்லுவார்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எதிரெதிர் வீடுகள் எங்களுடையவை. அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருப்பவர். வீட்டிலேயே இடியப்பம் அவித்து, சொல்லி வைத்தவர்களுக்குக் கொடுப்பார். அவருடைய கணவர் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் அண்ணன் என்பேன். நான் இந்த ஊரிலேயே பிறந்த கொட்டாஞ்சேனைக்காரி. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தட்டச்சு வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு படித்ததெல்லாம் நான் தட்டிய சத்தியக் கூற்றுகளிலிருந்தும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களின் வாயிலிருந்தும்தான். யாராவது ஒன்றை நன்றாகச் சொல்லிவிட்டால் பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் எழுதி வைப்பேன். அந்த டிக்கட்டுகளில் பாதி அக்கா சொன்னவை.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் என் வாசலில் நின்று, வலது கண்ணைப் பொத்தித் திறந்து, "இந்தக் கண்ணுக்குள்ள ஆரோ திரைச்சீலை இழுத்து மூடிக்கொண்டு வருகினம்" என்றார்.

"எப்பலேர்ந்து அக்கா?"

"இண்டைக்குக் காலமைதான்."

அதற்கு முந்திய கிழமை அவர் கொடுத்தனுப்பிய இடியப்பம் சில தட்டை விட்டு வெளியே வழிந்து, அரை வட்டமும் கால் வட்டமுமாக இருந்ததை நான் கவனித்தேன். கேட்டதற்கு, "இது புது மொடல்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் தின்றேன்.

பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், அவசரம் என்று அடுத்த நாளே சத்திரசிகிச்சை செய்தார்கள். விழித்திரை கழன்றுவிட்டது. டொக்டர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழாக்கினேன். சுவரில் தாளை ஒட்டிவிட்டுப் பசை காயும்வரை கையால் அமத்திப் பிடிக்கிறோமே, அதுபோல, கண்ணுக்குள் விட்ட வாயுக் குமிழி விழித்திரையை அமத்திப் பிடிக்கும். குமிழி மேலே எழும்புகிற சாமான். அது சரியான இடத்தில் போய் முட்ட வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பத்து நாள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் சாப்பிட, குளியலறைக்குப் போக விடுமுறை. படுத்தாலும் குப்புறத்தான்.

"நிமிர்ந்தா?" என்று அண்ணன் கேட்டார்.

டொக்டர் அக்காவின் மற்றக் கண்ணைக் காட்டினார். அது சீனி வருத்தத்தில் எப்போதோ மங்கிப்போனது. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. "இதை வைத்துக்கொண்டு சமைக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. அக்காவுக்கு அந்த அளவு சிங்களம் விளங்கும்.

அண்ணன் துறைமுக மூளையோடு சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் நகர்த்தி, இரண்டு தலையணைகளை விளிம்புக்கு வெளியே நீட்டி வைத்து, நடுவில் முகம் தொங்கும் அளவு இடைவெளி விட்டு, நெற்றிக்குத் துவாய் மடித்து வைத்து ஒரு ஏற்பாடு செய்தார். அக்கா கதிரையில் இருந்தபடி அதில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். பார்ப்பதற்குத் தரையில் எதுவும் இல்லை, ஒரு சிவப்பு சீமெந்துத் தரையைத் தவிர. அதுவும் அவருக்குச் சிவப்பாக மட்டுமே தெரியும்.

முதல் நாள் மாலை ஆறரைக்கு வழக்கம்போல அண்ணன் தொலைக்காட்சியைப் போட்டார். "நான் பாக்கமாட்டன், கேக்கிறன்" என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். பதினைந்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்போது அந்தச் சத்தம் வந்தது. இடி இடித்தது போல ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ வாசலில் நிற்கிறார்கள், கமரா அவர் முகத்துக்கு ஓடி ஓடிப் போகிறது. மூன்றாவது இடிக்கு அக்காவின் தலை தலையணையை விட்டு எழுந்தேவிட்டது.

"ஆரது?"

"குனி!" என்று அண்ணன் கத்தினார். முப்பது வருடத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அக்கா குனிந்தார். அண்ணன் போய் பிளக்கைக் கழற்றி, வயரைச் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"வக்கீல்தான் அக்கா வந்தது. வெறும் வக்கீல்" என்றேன் நான்.

"வெறும் வக்கீலுக்கே மூண்டு இடியோ?" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. நான் என் வீட்டில் நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அக்கா நாள் முழுக்க அமைதியின்றி நெளிவார் என்று அண்ணன் பயந்தார். மேசைக்குக் கீழே பாய் போட்டு, அவர் முகத்துக்கு நேரே நிமிர்ந்து இருந்து சொன்னேன். மேலே இருந்து ஒரு முகம் தொங்க, கீழே ஒரு வாய் ஆட, அண்ணன் அடுப்படி வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது உள்ளே வந்திருந்தால் பேய் ஓட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

நாடகத்தின் கதை இதுதான். பெரிய வீட்டு மாமியார் மாடிப்படியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். மேல் படியில் மருமகளின் பச்சைச் சேலையைக் கண்டதாகச் சமையல்காரி சொல்கிறாள். மருமகள் கைதாகி, வழக்கு நடக்கிறது. அவள் தன் பக்கம் ஒரு சொல்லும் சொல்லாமல் நிற்கிறாள். அவள் தள்ளவில்லை என்று அக்கா பல மாதமாகச் சாதித்துக்கொண்டிருந்தார். கீழ்மாடி முழுக்க மருமகளுக்கு எதிர். அக்கா தனியொருவராக அவளுக்கு வாதாடினார்.

நான்காம் நாள் மாலை என் வீட்டில் தனியாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீதிமன்றக் கதவு திறந்தது. மூன்று இடி. பச்சைச் சேலையில் இன்னொரு மருமகள் நின்றாள். அதே முகம், அதே மூக்குத்தி, கன்னத்தில் மட்டும் ஒரு மச்சம் கூட. இரட்டைச் சகோதரி. பிறந்த அன்றே பிரிந்தவளாம். அவள்தான் தள்ளினாளாம்.

நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தேன். என் கோபத்துக்குக் காரணம் தேட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தப் பெண்ணின் தாய் கல்யாண வீட்டில் "எனக்கிருக்கிற ஒரே பிள்ளை" என்று அழுததை நாங்கள் பார்த்தோம். அந்த அழுகையை நம்பியதற்குத் தண்டனையா இது? புதுக்கடையில் ஒரு வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்னரே, யார் சாட்சி, என்ன ஆவணம் என்று இரண்டு பக்கமும் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்களை நான் ஆயிரக்கணக்கில் தட்டியிருப்பேன். பட்டியலில் இல்லாத சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்து கெஞ்சுகிறவர்களிடம் எங்கள் பழைய நீதிமன்றச் சேவகர் சொல்லுவார்: "அம்மா, பேர் இல்லாட்டி கடவுளே வந்தாலும் வெளிய வாங்குல குந்திக்கொண்டுதான் இருக்கணும்." ஆனால் வழக்குகள் கவிழாமல் இருந்ததா? எத்தனையோ கவிழ்ந்தன. பட்டியலில் பதினோராவதாக, ஒருவரும் பொருட்படுத்தாத ஒரு பழைய ரசீதோ ஒரு கல்யாணப் படமோ இருக்கும். ஒரு நாள் யாரோ அதை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். மண்டபமே மூச்சு விடாது. அது முதல் நாளிலிருந்து எங்கள் கண் முன்னாலேயே இருந்தது, நானே என் கையால் தட்டியது என்பதில்தான் அந்தச் சுகம் இருந்தது.

இந்த இரட்டைச் சகோதரியை நான் அக்காவிடம் கொண்டுபோனால் கதிரை பின்னால் தள்ளுப்படும். தலை நிமிரும். அவரை எனக்குத் தெரியும். அந்த ஒரு கண்ணை மச்சம் வைத்த ஒருத்திக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

"இண்டைக்கு என்ன?" என்றது குனிந்த தலை.

"சாட்சி வரல்ல அக்கா. வழக்கு ஒத்திவச்சிட்டாங்க."

"நாடகத்திலயும் தவணையோ? உம்மட புதுக்கடை அங்கயும் போட்டுதோ?"

"நீதவானுக்குக் காய்ச்சலாம்."

"ம்ம்" என்றார். நம்பினாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. தொங்குகிற முகத்தில் எல்லாமே கொஞ்சம் சோகமாகத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலையிலேயே போய்ப் பாயில் இருந்தேன். கையில் மருந்துக்கடைக் கடுதாசிப் பை ஒன்றும் பேனையும்.

"அக்கா, நீங்கதான் முதலிலேர்ந்து பார்த்தவங்க. நான் நடுநடுவில பார்த்தவ. மாமியார் விழுறதுக்கு முதல் அந்த வீட்டில என்னென்ன நடந்துச்சு, எல்லாத்தையும் சொல்லுங்க. சின்னதையும் விடாம."

அக்காவுக்கு அதைவிட என்ன வேண்டும்? தலை அசையாமல் ஒரு மணித்தியாலம் சொன்னார். விடுமுறைப் பத்து நிமிடத்தைக்கூட வேண்டாம் என்றார். மாமியார் பாயாசத்தில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு, மருமகள் டப்பாவை மாற்றி வைத்தாள் என்று பழி போட்டது. பேரனிடம் கல்யாண அழைப்பிதழை நீட்டி, "நீ வாசி, உன்ர வாசிப்பைப் பாப்பம்" என்றது. விளக்கேற்றும்போது நெருப்புக்குச்சி திரிக்குப் பக்கத்தில் போய் அணைந்தது, அதற்கு அபசகுனம் என்று ஐந்து நாள் ஓட்டியது. விழுந்த அன்று பூசைத் தட்டோடு இறங்கி வந்தது. நான் எல்லாவற்றையும் கடுதாசிப் பையில் எழுதினேன். பை நிறைந்து, இன்னொன்று வாங்கக் கீழே போனேன்.

திரும்பி மாடிப்படி ஏறும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில், கைப்பிடியில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். நாடகம் எழுதியவர்கள் இத்தனையையும் எங்கள் கண்முன்னே போட்டுவிட்டு, தாங்களே பார்க்காமல் போயிருந்தார்கள். இரட்டைச் சகோதரி தேவையே இல்லை. யாருமே தள்ளவில்லை.

ஆனால் அதை அன்றைக்கே கொட்டிவிடக் கூடாது. அன்று மாலை, மருமகளின் வக்கீல் சமையல்காரியை மறுபடி கூண்டில் ஏற்றக் கேட்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அக்கா அன்றிரவு நன்றாகத் தூங்கினார் என்று அண்ணன் சொன்னார்.

எல்லாக் கதவையும் அடைத்துத்தான் வைத்திருந்தேன். தொலைக்காட்சி வயர் அலுமாரிக்குள். மருந்துக்கடைக்காரரிடம் போய், மேலே வந்தால் நாடகத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அண்ணனுக்குச் சொல்லவே வேண்டியதில்லை; அவருக்கு மாமியார் யார், மருமகள் யார் என்றே தெரியாது. நான் மறந்தது கனடாவை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கனடாவை மறந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது, இங்கே ஓடுகிற நாடகம் அங்கேயும் ஓடுகிறது.

ஆறாம் நாள் காலை. நான் பாயில் இருந்தேன். அக்காவின் தங்கை ரொறன்ரோவிலிருந்து எடுத்தார். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"எப்பிடியக்கா கண்?" என்றார் தங்கை. பதிலுக்குக் காத்திராமல், "நாடகம் பாத்தனியோ? அந்த இரட்டைப் பிள்ளையைப் பாத்தனியோ? மச்சத்தோட!"

"என்ன இரட்டைப் பிள்ளை?"

நான் பாயிலிருந்து கையை ஆட்டினேன். ரொறன்ரோவுக்கு அது தெரியவா போகிறது?

"மருமகளின்ர தமக்கை. அவளெல்லோ தள்ளினவள். ரெண்டு நாளாச்சு. உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

கதிரைக் கால் தரையில் உரசியது. நான் பாய்ந்து எழுந்து, இரண்டு கையாலும் அக்காவின் பின்கழுத்தில் பிடித்தேன். அமத்தவில்லை, வைத்திருந்தேன். அண்ணன் போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கையை எடும்" என்றார் அக்கா.

"எடுக்கமாட்டேன். என்னை ஏசுங்க. கீழ பார்த்துக்கொண்டு ஏசுங்க."

"எனக்கு நீதவானுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனீரோ இல்லையோ?"

"சொன்னேன்."

"கண் தெரியாதவள்தானே, என்னத்தைச் சொன்னாலும் கேப்பாள் எண்டோ?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நான் மெதுவாகக் கையை எடுத்தேன். தலை நிமிரவில்லை. பாயில் போய் அவருக்கு நேரே இருந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். கதவு திறந்தது, மூன்று இடி, மூக்குத்தி, மச்சம். பிறந்த அன்றே பிரிந்தது.

"தாய் 'ஒரே பிள்ளை' எண்டு அழுதவ" என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

"நானும் அழுதனான், அவவோட சேந்து." பிறகு தலையணைக்குள், மூச்சு முட்ட: "உங்களுக்கு வெட்கமில்லையோ!" கீழே மருந்துக்கடைக்குக் கேட்டிருக்கும். ஆனால் தலை இருந்த இடத்தில் இருந்தது. இரண்டு கையாலும் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துத்தான் கத்தினார்.

போனில் தங்கை, "என்ன அங்க சத்தம்? விழுந்திட்டாவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் "ஒண்டுமில்லைப் பிள்ளை, நாடகம்" என்று சொல்லி வைத்தார்.

"சமையல்காரியைத் திரும்பக் கூண்டில ஏத்தினது?" என்று அக்கா கேட்டார்.

"அது நான்."

"அப்ப உம்மட்டயும் ஒரு முடிவு இருக்கு."

"இருக்கு."

"இரட்டைப்பிள்ளை?"

"இல்ல."

"கனவு? நினைவு தப்புறது? செத்தவன் வாறது?"

"ஒண்டுமில்ல அக்கா. புதுசா ஒரு ஆளும் இல்ல. நீங்க சொல்லி நான் அந்தக் கடுதாசிப் பையில எழுதினது மட்டும்தான்."

"நாளைக்குச் சொல்லும்" என்றார். "இண்டைக்கு எனக்குக் கோபம்."

ஏழாம் நாள் சொன்னேன். வக்கீல் சமையல்காரியிடம் கேட்கிறார்: அன்றைக்கு அம்மா கையில் என்ன இருந்தது? பூசைத் தட்டு. எந்தக் கையில்? இரண்டு கையாலும். மற்ற நாட்களில் படியில் இறங்கும்போது அம்மாவின் கை எங்கே இருக்கும்? கைப்பிடியில். எப்போதாவது கைப்பிடியை விட்டு இறங்கியதைக் கண்டாயா? சமையல்காரி யோசிக்கிறாள்.

"பொறும்" என்றார் அக்கா.

நான் நிறுத்தினேன்.

"பாயாசம்" என்றார். "அழைப்பிதழ். அவ வாசிப்பைப் பாக்கக் குடுக்கேல்ல. நெருப்புக்குச்சி…" அவருடைய விரல்கள் மேசை விளிம்பில் ஒவ்வொன்றாக மடிந்தன. "அந்த மனிசிக்குக் கண் தெரியேல்ல. ஒருத்தரும் தள்ளேல்ல. தெரியாமத்தான் காலை வச்சவ."

நான் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு ஒரு அடி முன்னால் போய் அவரே அங்கே நின்றார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

"மேல் படியில பச்சைச் சேலை, அவள் பிடிக்க ஓடி வந்தது" என்றார் அக்கா. "மருமகளுக்குத் தெரியும்."

"தெரியும். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதுன்னு மாமியார் சத்தியம் வாங்கியிருந்தாங்க. அதான் கோர்ட்ல வாய் திறக்காம நிண்டா."

"ஏன் அந்த மனிசி மறைச்சவ?"

அந்த இடத்துக்கு என்னிடம் கதை இல்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. "தெரியல்ல அக்கா. நீங்க சொல்லுங்க" என்றேன். எழுதத் தெரியாத இடத்தைத் தாண்டப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நான் மேலே பார்த்தேன். அவர் மூக்கு நுனியில் ஒரு துளி நின்றது. முகம் கவிழ்ந்திருந்ததால் கன்னத்தில் வழிய வழியில்லாமல் அது நேரே தரையில், என் பாயின் ஓரத்தில், விழுந்தது.

"சொன்னா அடுப்படிக்குள்ள விடமாட்டினம்" என்றார். "கதிரையில இருத்தி வச்சிட்டு, 'நீங்கள் சும்மா இருங்கோ' எண்டு சொல்லுவினம். எல்லாரும் நல்லாத்தான் சொல்லுவினம். அதுதான்." பிறகு, குரல் மாறாமல்: "எனக்கு ஒரு கிழமையாக் கண்ணுக்குள்ள மின்னல் அடிச்சது. திங்கட்கிழமை இல்ல. அதுக்கு முதல் கிழமை."

அடுப்படி வாசலில் அண்ணன் தேநீரோடு நின்றார். மணிக்கூட்டைப் பார்க்க மறந்திருந்தார்.

"ஒரு கிழமையோ?"

"ஓம்."

"அப்ப அந்த இடியப்பம்?"

"தட்டு எங்க முடியுதெண்டு தெரியேல்ல."

"நான் பகிடி பண்ணினனான்" என்றார் அண்ணன். "இடியப்ப உரலைத் தட்டில பிடி, மேசையில பிடிக்காதை எண்டு."

"ஓம், பண்ணினீங்கள்."

நானும் சிரித்துக்கொண்டு தின்றவள்தானே. புது மொடல். அரை வட்டமும் கால் வட்டமுமாக என் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்ததைப் பார்த்தேன், கவனித்தும் இருந்தேன். வக்கீல் அலுவலகத்தில் பட்டியல் தட்டிய பெருமையெல்லாம் எங்கே போனது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கதையைத் திருப்பியது நான். அது இந்த வீட்டுக்குள் வந்து திரும்பும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் தேநீரை வைத்துவிட்டுப் பாயில் என் பக்கத்தில் வந்து இருந்தார். அறுபத்தெட்டு வயது முழங்கால், இறங்கும்போது முனகினார். மேலே பார்த்து, "அழாதை. கண்ணுக்குக் கூடாது" என்றார்.

"ஆர் அழுதது? தலைகீழா இருந்தா மூக்கு ஒழுகாதோ?"

"அடுப்படியை ஒருத்தரும் எடுக்கேல்ல" என்றார் அண்ணன். "எனக்கு ஒரு தண்ணி கொதிக்க வைக்கவும் தெரியாது. நான் அதை எடுத்து என்ன செய்யிறது?"

மேலே இருந்து ஒரு சிரிப்பு வந்தது, மூக்குறிஞ்சலோடு.

எட்டாம் நாள் நான் புதுக் கதை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். இன்னும் மூன்று நாள் ஓட்ட வேண்டுமே. அக்கா வேண்டாம் என்றார். "கதை சொல்லி இருத்திவைக்க நான் என்ன சின்னப்பிள்ளையோ? கீழ பாக்கவேணும் எண்டா கீழ பாப்பன். நீர் போய் அவருக்கு மாக் குழைச்சுக் காட்டும்." அந்த மூன்று நாளும் அவர் தலை ஒரு அங்குலம் எழவில்லை. பத்து நிமிட விடுமுறையை ஐந்தாகக் குறைத்தார். மேசையில் கவிழ்ந்தபடி, காதை அடுப்படிப் பக்கம் வைத்துக்கொண்டு அண்ணனை வேலை வாங்கினார்: "தண்ணி கொதிக்கேல்ல, சத்தம் காணாது." "மாவுக்குச் சுடுதண்ணி விடேக்க ஏன் நிக்கிறீங்கள்? விடுங்கோ." "உரலைத் திருகேக்க மூச்சுப் பிடிக்காதேங்கோ, விழுந்திடுவீங்கள்." அண்ணன் பிழிந்தது ஒன்றும் வட்டமாக வரவில்லை. நாங்கள் அதைத்தான் சாப்பிட்டோம்.

பதினோராம் நாள் காலை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா முழங்காலில் தலையணையை வைத்து அதில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். சாரதிப் பையன் கண்ணாடியில் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, "அம்மாட ஏதும் கீழ விழுந்திட்டா?" என்று சிங்களத்தில் கேட்டான். "இன்னும் விழல்ல தம்பி, பிடிச்சுக்கொண்டிருக்கிறா" என்றேன்.

டொக்டர் கண்கட்டை அவிழ்த்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, விளக்கை விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அண்ணன் என் கையைப் பிடித்திருப்பதை அண்ணனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. "ஒட்டியிருக்கிறது" என்றார் டொக்டர். "நன்றாக ஒட்டியிருக்கிறது. குனிந்துதான் இருந்திருக்கிறார்." பார்வை மெல்ல மெல்லத்தான் வரும், எவ்வளவு வரும் என்று மூன்று மாதம் போனால்தான் சொல்லலாம் என்றார்.

"என்ன தெரியுது அக்கா?"

"கீழ்ப்பாதி தண்ணி ஆடுற மாதிரி ஒரு கோடு. அதுக்கு மேல டொக்டரின்ர தலை." கண்ணைச் சுருக்கினார். "மயிர் குறைவு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. டொக்டர் மருந்துத் துண்டை எழுதி முடித்து, வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் கும்பிட்டுக்கொண்டே எழுந்து, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். நானும் பையை எடுத்தேன்.

"இருங்கோ" என்றார் அக்கா.

எங்கள் இருவரையும் அவர் கேட்கவில்லை. மீன் வாங்கவும் தேங்காய் விலை பேசவும் பழகிய தன் சிங்களத்தில், நேரே டொக்டரிடம், தன் மங்கிய கண்ணைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். இந்தக் கண்ணிலும் ஒரு கறுப்புப் பூச்சி பறக்கிறது. இடது பக்கம் பார்த்தால் இடது பக்கம் போகிறது. மூன்று கிழமையாக.

"மூண்டு கிழமையோ?" என்றார் அண்ணன்.

"ஓம், மூண்டு கிழமை" என்றார் அக்கா, அவர் பக்கம் திரும்பாமல்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு விளக்கைத் திரும்பப் போட்டார். எப்போது முதலில் தெரிந்தது, காலையா மாலையா, மின்னலும் உண்டா என்று கேட்டார். அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்து, தாடையைத் தாங்கியில் வைத்து, முதலிலிருந்து ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினார்.